அந்த டம்ளரில் ஒரு வேளைச் சாப்பாடு இருக்கிறதா?

கேள்வி: கம்பத்தில் வசிக்கிறேன். வயது 38. வண்டன்மேட்டுப் பக்கம் ஓர் ஏலக்காய் ஸ்டோரில் கணக்கு எழுதுகிறேன். காலை ஆறு மணி ஜீப்பில் ஏறினால் வீடு திரும்ப மாலை ஐந்தாகிவிடும். என் உயரம் 155 செ.மீ. எடை 71 கிலோ இருந்தது. எங்கள் தெருவில் நடக்கும் நியூட்ரிஷன் கிளப்பில் சேர்ந்து, நான்கு மாதமாகக் காலையும் இரவும் சாப்பாட்டுக்குப் பதில், அவர்கள் தரும் மாவைக் கரைத்த ஷேக் குடிக்கிறேன். ஒரு வேளைக்கு ஒரு கரண்டி, 25 கிராம்; தண்ணீரில் கலக்கச் சொன்னார்கள். எடை 65 கிலோவுக்கு வந்து அங்கேயே நிற்கிறது. முடி கொத்தாகக் கொட்டுகிறது, மலச்சிக்கல் இருக்கிறது, ஜீப்பில் கண் இருட்டுகிறது. உடம்பில் இருக்கும் கழிவு வெளியேறுவதால்தான் இப்படி என்கிறார் கிளப் நடத்தும் அக்கா. தைராய்டு மாத்திரை 50 மைக்ரோகிராம் எடுக்கிறேன். மறந்துவிடக் கூடாது என்று அதையும் ஷேக்கோடு சேர்த்தே விழுங்கிவிடுகிறேன். ஆறு மாதத்துக்கு முன் தைராய்டு இரத்தப் பரிசோதனையில் 3 என்று இருந்த டிஎஸ்எச் இப்போது 7.8. இரவில் எல்லோருக்கும் தோசை வார்த்துப் போட்டுவிட்டு நான் டம்ளரோடு நிற்பேன். பத்து மணிக்குப் பசி தாங்காமல் மகள் மிச்சம் வைத்ததைத் தின்றுவிடுகிறேன். சர்க்கரை நோய் உள்ள என் மாமியாரும் (வயது 64, மாத்திரை எடுக்கிறார்), ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகளும் தங்களுக்கும் ஷேக் வேண்டும் என்கிறார்கள். டப்பா 2,000 ரூபாய். பிரிக்காத இரண்டு டப்பாக்கள் கையில் இருக்கின்றன. தொடரலாமா? இல்லை, வீட்டுச் சத்துமாவே போதுமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் மாத்திரை விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் ஒரு வாரம் கழித்துச் செய்தால்கூடப் போதும், இதை நாளைக் காலையே மாற்றிக்கொள்ளுங்கள்.

தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்க வேண்டும். அதன் பிறகு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை எதுவும் கூடாது, காபியும் கூடாது. கால்சியம், இரும்புச் சத்து சேர்த்த பொருள் என்றால் இடைவெளி நான்கு மணி நேரம் இருக்க வேண்டும். சோயாப் புரதமும் இந்த மாத்திரையைக் குடல் உறிஞ்சுவதைக் குறைக்கும். உங்கள் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். இவ்வகை மாவுகளில் பெரும்பாலானவற்றில் இந்த மூன்றுமோ இரண்டோ இருக்கும். அப்படியென்றால் நான்கு மாதமாக நீங்கள் மாத்திரையை விழுங்கியும் அது முழுதாக உடம்பில் சேரவில்லை. டிஎஸ்எச் ஏறினால் தைராய்டு சுரப்பு உடம்புக்குப் போதவில்லை என்று பொருள். அது 3இலிருந்து 7.8க்கு ஏறியதற்கு நான் முதலில் சந்தேகப்படும் காரணம் இதுதான். களைப்பு, மலச்சிக்கல், முடி கொட்டுவது, எடை நகராமல் நிற்பது எல்லாமே தைராய்டு சுரப்பு குறைந்தாலும் வரக்கூடியவை.

இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. மருத்துவரிடம் ஷேக் பற்றிச் சொன்னீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. சொல்லாமல் இந்த 7.8ஐ மட்டும் காட்டினால், மாத்திரையின் அளவைக் கூட்டத்தான் அவருக்குத் தோன்றும். பிறகு என்றாவது ஷேக்கை நிறுத்தினால், கூட்டிய அளவு முழுவதும் உடம்பில் சேர்ந்து படபடப்பும் தூக்கமின்மையும் வரும். அதனால் டப்பாவையே கையில் கொண்டுபோய் அவரிடம் காட்டுங்கள். நேரத்தை மாற்றி ஆறு முதல் எட்டு வாரம் கழித்து டிஎஸ்எச் மறுபடி பார்க்கலாமா என்று கேளுங்கள். ஹீமோகுளோபினையும் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெர்ரிட்டினையும் அதோடு பார்க்கச் சொல்லுங்கள்.

இனி டம்ளருக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் நான் அடிக்கோடிட்டது இரண்டே சொற்கள்: ‘25 கிராம்’, ‘தண்ணீரில்’. இந்த வகை மாவு 25 கிராமுக்குச் சுமார் 90 கலோரியும் 9 கிராம் புரதமும் தரும். உங்கள் டப்பாவில் ஒரு பரிமாறலுக்கு என்று போட்டிருக்கும் கட்டத்தில் இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 100 கிராமுக்கு என்று பக்கத்தில் இருக்கும் பெரிய எண்களைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். உலக அளவில் உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பு, எடை குறைப்புக்கான உணவு மாற்றுப் பொருள்களுக்கு 1991இலேயே ஓர் அளவுகோல் வைத்தது. ஒரு வேளைக்கு ஈடாக விற்கப்படும் பொருள் 200 முதல் 400 கலோரி வரை தர வேண்டும். அந்தக் கலோரியில் கால் பங்காவது புரதத்திலிருந்து வர வேண்டும். தண்ணீரில் கலந்த உங்கள் டம்ளரில் புரதப் பங்கு சரியாக இருக்கலாம். ஆனால் கலோரி அதில் பாதிகூட இல்லை. இவ்வகை மாவுகள் பலவற்றின் டப்பாவிலேயே பாலில் கலக்கும்படிதான் அச்சிட்டிருக்கும். தண்ணீர் என்பது எடை வேகமாக இறங்கட்டும் என்று கிளப்பில் சொல்லிக்கொடுப்பது.

சில மாதங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒரு பெண்மணி, இதேபோன்ற டப்பாவையும் கரண்டியையும் பையில் எடுத்து வந்திருந்தார். தினமும் போடுவது போலவே போட்டுக் காட்டுங்கள் என்று சமையலறைத் தராசை அவர் முன் வைத்தேன். கரண்டியை உள்ளே விட்டு எடுத்து, டப்பாவின் விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டி, பாதிக்குச் சற்று மேலே இருந்ததைத் தட்டில் கொட்டினார். தராசு 14 கிராம் காட்டியது. “மாதக் கடைசி வரைக்கும் வர வேண்டுமே” என்றார். 14 கிராம் என்றால் சுமார் 50 கலோரி, இரண்டு மாரி பிஸ்கட் அளவு. அதைக் குடித்துவிட்டு அவர் மதியம் வரை ஏலத்தோட்டத்தில் காய் எடுத்துக்கொண்டிருந்தார். தலைசுற்றல் என்று சொல்லித்தான் என்னிடம் வந்தார். இரத்த அழுத்தத்துக்காக அவர் இரண்டு இடங்களில் பரிசோதனை செய்திருந்தார். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று மட்டும் யாரும் கேட்டிருக்கவில்லை. உங்கள் கடிதத்தில் ‘கண் இருட்டுகிறது’ என்ற இடத்தைப் படித்ததும் அந்தத் தராசுத் தட்டு கண்முன் வந்தது.

உங்கள் ஒரு நாளைக் கூட்டிப் பார்த்தேன். இரண்டு டம்ளரில் 180 கலோரி. மதியம் ஒரு தட்டுச் சோறும் குழம்பும் 600 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு டீ, ஒரு வடை, இரவு பத்து மணி மிச்சம் எல்லாம் சேர்த்து இன்னும் 250, 300. மொத்தம் ஆயிரத்தைச் சுற்றித்தான் வருகிறது. உட்கார்ந்து வேலை செய்யும், 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கே நாளொன்றுக்கு 1,660 கலோரியும் சுமார் 46 கிராம் புரதமும் தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வெளியிட்ட பரிந்துரை சொல்கிறது. எடை குறைய வேண்டும் என்றால் நானூறு, ஐந்நூறு கலோரி குறைக்கலாம். அதற்கு மேல் குறைத்து மாதக் கணக்கில் ஓட்டினால் உடல் செலவைச் சுருக்கத் தொடங்கிவிடும், தசையையும் கரைக்கும். முடி வளர்ப்பது உடம்புக்கு அவசரமில்லாத வேலை, அதனால் அதை முதலில் கைவிடும். பட்டினி தொடங்கி இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் முடி உதிர்வு தெரியும் என்பதால், யாருக்கும் காரணம் பிடிபடுவதில்லை. சாப்பாடு சரியானால் ஆறு மாதத்தில் பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும். கழிவு வெளியேறுவதால் முடி கொட்டுகிறது என்பது முற்றிலும் தவறு. கழிவை அகற்றுவது கல்லீரலும் சிறுநீரகமும் அன்றாடம் செய்யும் வேலை. அது தலைமுடி வழியாகப் போவதில்லை. நோய்க்குறியை நல்லது நடப்பதாகச் சொல்லிவிட்டால், நோயாளி மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடுவார். கிளப் அக்கா நல்ல மனதோடு சொல்லியிருக்கலாம். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு நான் ஷேக்குக்கே எதிரி என்று நினைத்துவிட வேண்டாம். உணவு மாற்றுப் பொருளுக்கு ஓர் இடம் உண்டு. ஒருவருடைய நாளில் உண்மையாகவே ஒரு வேளை விழுந்துபோகும் இடத்தில், பரோட்டாவோ பழம்பொரியோ போய் உட்காரும் இடத்தில், அளவு தெரிந்த ஒரு டம்ளர் நல்ல காரியம்தான். உங்கள் நாளில் அந்த ஓட்டை எங்கே இருக்கிறது? காலையில் இருக்கிறது. கம்பம்மெட்டு ஏற்றத்தில் கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப் திரும்பும்போது வயிறு நிறையச் சாப்பிட்டவர்களுக்குக் குமட்டும். அதனால் வெறும் வயிற்றோடு ஏறி, பத்து மணிக்குக் கடையில் கட்டன் சாயாவும் பழம்பொரியும் வாங்கிச் சாப்பிடும் பல பெண்களை நானறிவேன். இரவில் உங்களுக்கு அப்படி ஓட்டை எதுவும் இல்லை. வீட்டில் அடுப்பு எரிகிறது, தோசைக்கல் காய்கிறது, குடும்பம் சாப்பிடுகிறது. அங்கே நீங்கள் மட்டும் டம்ளரோடு நின்று, இரண்டு மணி நேரம் கழித்து மிச்சத்தைத் தின்கிறீர்கள். அந்த மிச்சத்தை நினைத்து நீங்கள் குற்ற உணர்வு கொள்வது வரிகளுக்கிடையே தெரிகிறது. வேண்டாம், அது பசி. ஆயிரம் கலோரியில் ஓடும் எந்த உடம்பும் அதைத்தான் கேட்கும்.

அதனால் இரவு ஷேக்கை இன்றோடு நிறுத்துங்கள். இரண்டு தோசை, ஒரு கிண்ணம் மொச்சைக் குழம்போ தட்டைப்பயறுக் குழம்போ, கூடவே ஒரு முட்டை அல்லது கீரை வைத்துக்கொண்டு, எட்டு மணிக்குள் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். குமுளிப் பக்கமிருந்து மத்தி வந்தால் எண்ணெயில் பொரிக்காமல் குழம்பாக வையுங்கள். 100 கிராம் மீனில் 18, 20 கிராம் புரதம் கிடைக்கும்.

காலை வேளைக்கு இப்படிச் செய்யலாம். நாலரை மணிக்கு எழுந்ததும் மாத்திரையும் தண்ணீரும் மட்டும். ஐந்தரைக்கு ஜீப் ஏறும் முன் இரண்டு இட்லி. அது குமட்டாது, மாத்திரைக்கும் இடைஞ்சல் செய்யாது. ஸ்டோருக்குப் போய்ச் சேர்ந்து, எட்டரை மணிக்கு ஷேக். நான்கு மணி நேர இடைவெளி தானாகவே வந்துவிடுகிறது. மாவை வீட்டிலேயே கலந்து எடுத்துப் போகாதீர்கள். பாலில் கலந்தது வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் கெட ஆரம்பிக்கும். சின்ன எவர்சில்வர் டப்பாவில் உலர்ந்த மாவாக எடுத்துப் போய், பக்கத்து டீக்கடையில் ஒரு டம்ளர் பால் சர்க்கரை போடாமல் வாங்கி, அங்கேயே கலந்து குடியுங்கள். கூடவே ஒரு சின்னக் கைப்பிடி வறுத்த நிலக்கடலை. 200 மில்லி பால், முழுதாக மட்டம் தட்டிய ஒரு கரண்டி மாவு, 20 கிராம் கடலை மூன்றும் சேர்ந்தால் 330 கலோரியும் 20 கிராம் புரதமும் வந்துவிடும். அப்போதுதான் அதை ஒரு வேளை என்று சொல்லலாம். பால் குடித்தால் வயிறு உப்பும் என்றால் பாலுக்குப் பதில் தயிரைக் கடைந்து கலந்துகொள்ளுங்கள்.

மாவே இல்லாமலும் இந்த ஓட்டையை அடைக்க முடியும். கேப்பைக் கூழை இரவே காய்ச்சி வைத்து, காலையில் தயிர் ஊற்றிக் கரைத்துத் தூக்குவாளியில் எடுத்துப் போகலாம். என் அம்மா தோட்ட வேலைக்குப் போன காலத்தில் அப்படித்தான் எடுத்துப் போவார். வாளியின் மூடியில் உரித்த சின்ன வெங்காயம் நான்கும் ஒரு மோர்மிளகாயும் இருக்கும். மூடியைத் திறந்ததும் வரும் அந்தப் புளித்த வாசனை எனக்கு இன்னும் மறக்கவில்லை. 60 கிராம் கேப்பை மாவு, 150 கிராம் தயிர், ஓர் அவித்த முட்டை என்று கணக்கிட்டால் ஏறக்குறைய 350 கலோரி, 15 கிராம் புரதம், ஒரு நாளைக்கு வேண்டிய கால்சியத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கிடைக்கும். செலவு முப்பது ரூபாய்க்குள் அடங்கும். உங்கள் டப்பா 500 கிராம் என்றால், இரண்டு டம்ளர் மாவுக்கு நாளொன்றுக்கு 200 ரூபாய், மாதம் 6,000 ஆகிறது. சம்பளத்தில் அது எத்தனை பங்கு என்று உங்களுக்குத்தான் தெரியும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் கூழ் வாளியைத்தான் எடுப்பேன். கூழ் பிடிக்காதவர்களை, காலையில் அதைக் கரைக்க நேரமில்லாதவர்களை நான் வற்புறுத்த மாட்டேன்.

சத்துமாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வீட்டில் அரைத்தது என்பதால் மட்டும் அது எடை குறைக்கும் உணவாகிவிடாது. நம் வீடுகளில் அரைக்கும் சத்துமாவில் பெரும்பங்கு அரிசி, கோதுமை, கேப்பை, கம்பு. பயறும் கடலையும் பெயருக்குத்தான் இருக்கும். அதில் வெல்லமும் சேர்த்துக் காய்ச்சினால் மாவுச்சத்துக் கஞ்சிதான். அரைக்கும்போது பொட்டுக்கடலை, நிலக்கடலை, பாசிப்பயறு சேர்ந்து பாதிக்குப் பாதி இருக்கும்படி வைத்துக்கொண்டால் நல்ல மாவு.

உங்கள் மாமியாருக்கு இப்போது ஷேக் தர வேண்டாம். அவர் எடுக்கும் மாத்திரையின் பெயரை எழுதவில்லை. சர்க்கரைக்கான சில மாத்திரைகள், குறிப்பாகக் கிளிமெபிரைடு வகை, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும். இரவில் சோற்றுக்குப் பதில் 90 கலோரி டம்ளரைக் குடித்துவிட்டு அவர் தூங்கினால், நள்ளிரவில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். 64 வயதில் அது உயிருக்கே ஆபத்து. வேர்த்துக் கொட்டுவது, கை நடுங்குவது, உளறுவது தெரிந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைக்க வேண்டும், நினைவு இருக்கும்போது மட்டும். இதை வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்திருங்கள்.

ஷேக் குடித்துச் சர்க்கரை நோயே போய்விட்டது என்ற பேச்சு கைப்பேசியில் சுற்றுகிறது, அவரும் கேட்டிருப்பார். அதற்குப் பின்னால் ஓர் உண்மை இருக்கிறது. பிரிட்டனில் நடந்த டைரக்ட் என்ற ஆய்வின் முடிவு 2017இல் வெளியானது. நோய் வந்து ஆறு ஆண்டுக்குள் இருந்தவர்களுக்கு, இன்சுலின் போடாதவர்களுக்கு, நாளொன்றுக்கு 825 முதல் 853 கலோரி கொண்ட முழுமையான உணவு மாற்றுப் பொருளை மூன்று முதல் ஐந்து மாதம் கொடுத்தார்கள். ஓராண்டு முடிவில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, அதாவது 46 சதவீதத்தினருக்கு, மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. பெரிய செய்திதான். ஆனால் அங்கே முதல் நாளே சர்க்கரை மாத்திரைகளையும் இரத்த அழுத்த மாத்திரைகளையும் நிறுத்தியவர்கள் மருத்துவர்கள். தொடர்ந்து கண்காணித்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியரும் உணவியல் வல்லுநரும். கொடுத்த பொருளிலும் ஒரு நாளைக்கு வேண்டிய சத்துகள் எல்லாம் அளந்து சேர்க்கப்பட்டிருந்தன. மருத்துவ மேற்பார்வையை எடுத்துவிட்டு டம்ளரை மட்டும் நம் ஊருக்குக் கொண்டுவந்தால் அதே பலன் வராது. மாமியாருக்கு விருப்பம் இருந்தால் அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள். அதுவரை சோற்றைக் குறைத்துப் பயறும் காயும் கூட்டுங்கள். கேப்பைக் கூழும் அவருக்குச் சர்க்கரையை வேகமாக ஏற்றும். நம் பக்கத்தில் கேப்பை என்றாலே சர்க்கரைக்காரர்களுக்கு மருந்து என்ற நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. கேப்பையை முருங்கைக்கீரை போட்ட அடையாகக் கொடுத்தால் அவ்வளவு வேகமாக ஏறாது.

மகளுக்கு வேண்டவே வேண்டாம். எடை குறைக்கும் பொருள்கள் வளரும் பிள்ளைகளுக்காகச் செய்தவை அல்ல. அவளுக்கு இது எலும்பு உறுதிப்படும் வயது, மாதவிலக்கில் இரும்புச் சத்து போகும் வயது. அவள் ஏன் கேட்கிறாள் என்பதை மட்டும் கொஞ்சம் கவனியுங்கள். நான்கு மாதமாக அம்மா இரவில் சாப்பிடாமல் நிற்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நீங்கள் தட்டோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாலே பாதி கேள்வி அடங்கிவிடும் என்று நினைக்கிறேன். அவளுக்கு உண்மையாகவே எடை பற்றிய கவலை இருந்தால், என்னிடமோ ஒரு குழந்தை மருத்துவரிடமோ நேரில் அழைத்து வாருங்கள்.

கிளப்பில் டம்ளரில் ஊற்றித் தருவதை இனி குடிக்காதீர்கள். டப்பாவைப் பார்க்காமல் அதில் என்ன இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. எடை குறைய என்று மூலிகைச் சாறோ கிரீன் டீ சாறோ கூடுதலாகச் சேர்த்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். செறிவூட்டிய கிரீன் டீ சாற்றால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். டப்பாவில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எடை பற்றி: 155 செ.மீ. உயரத்துக்கு உங்கள் முதல் இலக்கு 60 கிலோ. இன்னும் ஐந்து கிலோதான். வாரத்துக்கு அரைக் கிலோவுக்கு மேல் இறங்க வேண்டாம். வேகமாக இறங்கினால் பித்தப்பைக் கல் உருவாகும் வாய்ப்பும் கூடும். இரவுச் சாப்பாட்டைத் திரும்பத் தொடங்கிய முதல் இரண்டு வாரம் எடை ஒரு கிலோ ஏறலாம். பெரும்பாலும் அது உடம்பில் சேரும் நீர். பயந்து மறுபடி டம்ளருக்குப் போய்விடாதீர்கள்.

கையிலிருக்கும் இரண்டு டப்பாக்களைத் தூக்கிப்போட வேண்டாம், 4,000 ரூபாய் சும்மா வருவதில்லை. டப்பா 500 கிராம் என்றால், நாளொன்றுக்கு ஒரே ஒரு கரண்டி என்று எட்டரை மணி ஷேக்குக்கு மட்டும் எடுத்தால் 40 நாள் வரும். ஈரக் கரண்டி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது டப்பா தீரும் நேரத்தில் டிஎஸ்எச் மறுபடி பார்க்க வேண்டிய நாளும் வந்துவிடும். அந்த அறிக்கை வந்ததும் அதில் உள்ள எண்ணையும், அன்றைய எடையையும், ஜீப்பில் கண் இருட்டுவது நின்றதா என்பதையும் எனக்கு எழுதுங்கள். மூன்றாவது டப்பா வாங்கலாமா என்பதை அப்போது பேசிக்கொள்வோம்.